அலமாரியில் பதினான்கு மாதச் செலவு

கேள்வி: எனக்கு வயது 43. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. ஒரே மகள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது. 2020இல் பொதுமுடக்கம் வந்தபோது எனக்கு ஏழு மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது. எங்கள் பிரிவில் இருந்த ஒன்பது பேரில் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மார்ச் கடைசியில் பயந்துபோய் மியூச்சுவல் ஃபண்டில் இருந்ததை முழுக்க விற்றேன். அதற்குப் பிறகு ஒரு பைசா போடவில்லை. ஃபிக்சட் டெபாசிட் முதிர முதிர எடுத்து, பணமாகவே வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். பதினான்கு மாதச் செலவுக்கு வரும். இரவில் பொருளாதாரம் பற்றிய வீடியோக்களைப் பார்க்காவிட்டால் தூக்கம் வருவதில்லை, பார்த்தாலும் வருவதில்லை. 'பெருந்தொற்றின் உண்மையான அடி இனிமேல்தான் விழப்போகிறது, 1930 அதன் முன்னால் ஒன்றுமே இல்லை' என்கிறார்கள். ஆயுள் காப்பீட்டு பாலிசியை சரண்டர் செய்துவிட்டு அந்தப் பணத்துக்குத் தங்கம் வாங்கலாம் என்று இருக்கிறேன். மனைவியோ, 'இது ஜாக்கிரதை இல்லை, வியாதி' என்கிறாள். மேடம், மழுப்பாமல் சொல்லுங்கள். 1930 திரும்ப வருமா? வந்தால் வங்கியில் போட்ட பணம் என்ன ஆகும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மனைவி போட்ட வழக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது மேசையில் நான்கு மேசை காலியான அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்குப் பயம் வந்ததில் வியாதி எதுவும் இல்லை. வராமல் இருந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அந்த வருடம் உலகம் முழுவதும் வீணாய்ப்போன வேலை நேரத்தைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்குப் போட்டது. 8.8 சதவீதம். முழுநேர வேலையாக மாற்றினால் 25.5 கோடி வேலைகளுக்குச் சமம். கொடும் வறுமையில் வாழ்பவர்களின் எண்ணிக்கை அந்த ஒரே வருடத்தில் சுமார் 7 கோடி கூடியது என்கிறது உலக வங்கி. உங்கள் நான்கு சகாக்களும் இந்தக் கூட்டல்களில் எங்கேயோ இருக்கிறார்கள். 'அதெல்லாம் வெறும் பீதி' என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவருக்கு அந்த ஏழு மாதமும் முழுச் சம்பளம் வந்திருக்கும்.

அதனால் உங்கள் பயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அது போட்டுக் கொடுத்த கணக்கைத்தான் ஒரு கணக்கர் இத்தனை வருடம் சரிபார்க்காமல் வைத்திருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருக்கிறது.

1930க்கு, அதாவது உலகப் பொருளாதாரமே படுத்த அந்தப் பெருமந்தத்துக்கு, வருவோம். அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் பங்குச் சந்தை சரிவுதான் நினைவுக்கு வரும். 1929 அக்டோபரில் சந்தை விழுந்தது நிஜம். ஆனால் சந்தை விழுந்ததால் மட்டும் அது பெருமந்தம் ஆகிவிடவில்லை. அதன் பிறகு வந்த நான்கு வருடங்களில்தான் எல்லாம் நடந்தது. அமெரிக்காவில் 1930 முதல் 1933க்குள் ஏறக்குறைய 9,000 வங்கிகள் நொடித்தன. அப்போது டெபாசிட்டுக்குக் காப்பீடு கிடையாது. வங்கி மூடினால் போட்டவர் பணமும் அதோடு சேர்ந்து போனது. வங்கிகள் போகப் போக நாட்டில் இருந்த பணத்தின் அளவே மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. பணம் சுருங்கினால் விலை இறங்கும். விலை இறங்கினால் கடன் வாங்கியவன் தலையில் கடன் கனக்கும். அவன் கட்ட முடியாமல் போக, இன்னொரு வங்கி சாயும். இதைத் தடுக்க வேண்டிய மத்திய வங்கி, தங்கக் கையிருப்பைக் காப்பாற்றுவதற்காக 1931 அக்டோபரில் வட்டியை உயர்த்தியது. எரிகிற வீட்டில் தண்ணீர்க் குழாயை மூடியது மாதிரி. போதாக்குறைக்கு 1930இல் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்ற, மற்ற நாடுகளும் பதிலுக்கு ஏற்ற, உலக வணிகம் படுத்துவிட்டது. 1933இல் அமெரிக்காவில் வேலை தேடியவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை.

கவனித்துப் பார்த்தால், நோட்டுக்கு இவ்வளவு தங்கம் என்று நாணயத்தைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்த நாடுகளில் யார் முதலில் அந்தக் கட்டை அவிழ்த்தார்களோ அவர்கள் முதலில் எழுந்தார்கள். பிரிட்டன் 1931 செப்டம்பரிலேயே அவிழ்த்துவிட்டது. அதாவது அந்த நான்கு வருடத் துன்பத்தில் பெரும்பகுதி, முதல் அடிக்குப் பிறகு மனிதர்கள் எடுத்த முடிவுகளால் வந்தது.

2020 வேறு மாதிரி. அடி விழுந்த வேகத்தைப் பார்த்தால் 1930ஐ விட மோசம். அமெரிக்காவில் மார்ச், ஏப்ரல் இரண்டே மாதத்தில் இரண்டு கோடிக்கு மேல் வேலைகள் போயின, வேலையின்மை 3.5 சதவீதத்திலிருந்து 15ஐ நெருங்கிவிட்டது. ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெய் முன்பேர விலை (பின்னால் எடுத்துக்கொள்ளும் சரக்குக்கு இன்றே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே போனது. எண்ணெயை வாங்கி வைக்க இடம் இல்லாமல், 'எடுத்துக்கொண்டு போங்கள், பீப்பாய்க்கு 37 டாலர் நாங்களே தருகிறோம்' என்கிற நிலை. அன்று அலுவலகத்தில் திரையைப் பார்த்துவிட்டு, மென்பொருளில் ஏதோ கோளாறு என்று நினைத்து நான் கணினியை அணைத்துப் போட்டேன். இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தும் அப்படி ஒரு கழித்தல் குறியைப் பார்த்ததில்லை.

ஆனாலும் அது நான்கு வருடம் நீடிக்கவில்லை. 1930இல் கடைக்காரரிடம் பணம் இல்லை, வாங்க வந்தவரிடமும் இல்லை, கடன் கொடுத்தவரிடமும் இல்லை. 2020இல் கடையைப் பூட்டச் சொன்னது அரசு. பூட்டு தொங்கியது, சாவி தொலையவில்லை. மத்திய வங்கிகளும் இந்த முறை குழாயைத் திறந்துவிட்டன. மார்ச் 15ஆம் தேதியே அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கியது. ஜெர்மனியில் குறுகிய நேர வேலைத் திட்டம் என்று பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. வேலை குறைந்தாலும் ஆளை நிறுத்தாமல் வைத்துக்கொண்டால், குறைந்த சம்பளத்தில் ஒரு பெரும் பகுதியை அரசு ஈடுகட்டும். 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். அமெரிக்காவில் மந்தங்களுக்குத் தொடக்கமும் முடிவும் குறிக்கும் பொருளாதார அறிஞர் குழு ஒன்று இருக்கிறது. 1929இல் தொடங்கிய மந்தத்துக்கு அவர்கள் குறித்த நீளம் 43 மாதம். 2020க்குக் குறித்தது இரண்டு மாதம். அவர்கள் பதிவேட்டில் அதைவிடக் குறுகியது வேறில்லை.

இதிலே ஒரு வேடிக்கை. 2020 ஏப்ரலிலேயே மந்தம் முடிந்துவிட்டது என்பதை அந்தக் குழு அறிவித்தது 2021 ஜூலையில். பதினைந்து மாதம் கழித்து! முடிந்ததா இல்லையா என்று சொல்லவே நிபுணர்களுக்கு அத்தனை மாதம் தேவைப்பட்டது. எப்போது தொடங்கும் என்பதை உங்கள் வீடியோக்காரர் தேதி போட்டுச் சொல்கிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'அப்படியானால் எல்லாம் சுபம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கஜானாவில் பணமும், கடன் வாங்கும் தகுதியும் இருந்த நாடுகள் செய்ததை ஏழை நாடுகளால் செய்ய முடியவில்லை. அங்கே சாவி தொலைந்த கடைகள் ஏராளம். பணக்கார நாடுகளிலேயும் மடிக்கணினியோடு வீட்டில் உட்கார்ந்தவர் சேமித்தார், கையால் வேலை செய்தவர் கடன் வாங்கினார். 'பொருளாதாரம் மீண்டுவிட்டது' என்ற வாக்கியத்தில் உங்கள் நான்கு சகாக்களும் மீண்டார்களா என்ற தகவல் இருக்காது.

ஆகவே, 1930 திரும்ப வருமா? அதே வழியில் வருவது கடினம். அன்று திறந்துகிடந்த கதவுகளில் பலவற்றுக்கு இன்று தாழ்ப்பாள் இருக்கிறது. தங்கக் கட்டு இல்லை. டெபாசிட் காப்பீடு இருக்கிறது. மத்திய வங்கிகள் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்திருக்கின்றன. மந்தம் வருமா என்று கேட்டால், கட்டாயம் வரும். உங்கள் மகள் உங்கள் வயதுக்கு வருவதற்குள் இரண்டோ மூன்றோ பார்ப்பாள். எப்போது, எதனால், எவ்வளவு ஆழம் என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன்.

2020 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியம், அந்த வருடம் உலகப் பொருளாதாரம் 3.3 சதவீதம் வளரும் என்றது. ஏப்ரலில் 3 சதவீதம் சுருங்கும் என்றது. ஜூனில் 4.9 சதவீதம் சுருங்கும் என்றது. அக்டோபரில் 4.4. கடைசியில் நடந்தது ஏறக்குறைய 3 சதவீதச் சுருக்கம். நான் கேலி செய்யவில்லை. உலகத்தில் யாரிடமும் இல்லாத அளவு புள்ளிவிவரம் அவர்களிடம் இருக்கிறது, அவர்கள் நேர்மையாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதே போல 2022 கடைசியில், அடுத்த வருடம் அமெரிக்காவில் மந்தம் நிச்சயம் என்று பொருளாதார அறிஞர்களில் பலர் சொன்னார்கள். 2023 வந்தது, போனது. மந்தம் வரவில்லை.

ஆனால் யாரும் கதவருகே காத்திருக்காத ஒன்று வந்தது. விலைவாசி. முடக்கத்தில் சரக்குக் கப்பல்கள் தாறுமாறாயின, சிப் கிடைக்காமல் கார்த் தொழிற்சாலைகள் நின்றன, வீட்டில் இருந்தவர்கள் கையில் சேர்ந்திருந்த பணம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது, 2022இல் உக்ரைன் போர் எரிபொருளையும் தானியத்தையும் மேலே தள்ளியது. அந்த ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம். அக்டோபரில் யூரோ நாடுகளில் 10.6, பிரிட்டனில் 11.1. பெருந்தொற்றுக்குப் பின் எல்லோரும் 1930களின் விலைச் சரிவை நினைத்துப் பயந்தார்கள். வந்து நின்றது அதற்கு நேர் எதிரானது.

இப்போது உங்கள் அலமாரிக்கு வருகிறேன். விலைச் சரிவு வரும் உலகத்துக்காக நீங்கள் பணத்தைப் பணமாகவே எடுத்து வைத்தீர்கள். அந்த உலகத்தில் அது புத்திசாலித்தனம்தான். விலை இறங்க இறங்க கையில் உள்ள நோட்டுக்கு மதிப்பு ஏறும். நாம் வாழ்ந்தது இன்னொரு உலகத்தில். கணக்கர் நீங்கள், போட்டுப் பாருங்கள். செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். பதினான்கு மாதத்துக்குப் போதுமானதாக எடுத்து வைத்த தொகை, மூன்று வருடம் கழித்துப் பன்னிரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. யாரும் பூட்டை உடைக்கவில்லை, ஒரு நோட்டு குறையவில்லை. இரண்டு மாதச் செலவைக் காணவில்லை.

நானும் இதில் ஒழுங்கில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச்சில் நான் விற்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. ஆனால் கையில் இருந்த உபரிப் பணத்தைப் போடாமல், 'இன்னொரு பெரிய இறக்கம் வரும், அப்போது வாங்கலாம்' என்று காத்திருந்தேன். அமெரிக்கச் சந்தை பிப்ரவரி 19க்கும் மார்ச் 23க்கும் நடுவில் 34 சதவீதம் விழுந்தது. ஆகஸ்டுக்குள் பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. என் இன்னொரு இறக்கம் வரவேயில்லை. நீங்கள் பயத்தால் இழந்தீர்கள், நான் சாமர்த்தியத்தால் இழந்தேன். தொகையைக் கேட்காதீர்கள்.

வங்கியில் போட்ட பணம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயம் மற்றவற்றைப் போன்றதல்ல. இது தானே தன்னை நிஜமாக்கிக்கொள்ளும் பயம். நல்ல நிலையில் இருக்கும் வங்கியும் எல்லோருடைய பணத்தையும் பெட்டியில் வைத்திருப்பதில்லை. பெரும்பகுதி உங்களுடையதைப் போன்ற வீட்டுக் கடன்களாக வெளியே போயிருக்கும். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது. 'வங்கி விழப்போகிறது' என்ற வதந்தியே வங்கியை விழவைக்கும் என்பதை ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1948லேயே விளக்கினார். அதைக் கணிதமாக எழுதிக் காட்டிய பொருளாதார அறிஞர்கள் டைமண்ட், டிப்விக் இருவருக்கும் 2022இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அடுத்த மார்ச்சிலேயே நேரடிச் செய்முறை விளக்கம் மாதிரி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி சாய்ந்தது. ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். வரிசையில் நிற்கக்கூட இல்லை, செல்பேசியிலேயே.

அங்கே டெபாசிட் போட்டிருந்தவர்கள் பணத்தை இழக்கவில்லை; அரசு முழுத் தொகைக்கும் பொறுப்பேற்றது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று நம்பி இருக்கச் சொல்ல மாட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது எளிது. உங்கள் நாட்டில் ஒரு வங்கியில் ஒருவருக்கு எவ்வளவு வரை காப்பீடு உண்டு என்று கேளுங்கள். கூட்டுக் கணக்குக்கு எப்படி என்பதையும் கேளுங்கள். அந்த வரம்புக்குள் வருவதுபோல இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். அதிக வட்டி தருகிறோம் என்று கூப்பிடும் நிதி நிறுவனம் அந்தக் காப்பீட்டுக்குள் வருகிறதா என்று பார்க்காமல் பக்கத்தில் போகாதீர்கள். இவ்வளவு செய்துவிட்டால் டெபாசிட் விஷயத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டியது மிகக் கொஞ்சம். அலமாரிக்கு எந்தக் காப்பீடும் கிடையாது. தீ, திருட்டு, ஈரம், கரையான், நோட்டைச் செல்லாததாக்கும் அறிவிப்பு எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே தாங்க வேண்டும். கையில் ரொக்கம் வேண்டும் என்று மனம் கேட்டால் பதினைந்து நாள் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் வேலை செய்யாத வாரத்துக்கு அது போதும்.

இந்த இடத்தில் என்னோடு வேலை பார்க்கும் சிலர் உங்களுக்கு ஒரு உபதேசம் செய்வார்கள். எல்லோரும் பயந்து செலவைச் சுருக்கினால் எல்லோருடைய வருமானமும் சுருங்கும், அந்தச் சுருக்கமே மந்தம், ஆகவே செலவு செய்யுங்கள் என்று. பொருளாதார அறிஞர் கெயின்ஸ் பிரபலமாக்கிய இந்தச் 'சிக்கன முரண்' உண்மைதான். 2020 ஏப்ரலில் அமெரிக்கக் குடும்பங்கள் வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் செலவழிக்காமல் வைத்திருந்தன. ஆனால் நாட்டின் மொத்தத் தேவையைத் தாங்கிப் பிடிக்கும் வேலையைப் பதினோரு வருடக் கடன் பாக்கி உள்ள ஒரு கணக்கர் தலையில் ஏற்றுவது அநியாயம். அதற்கு அரசுகள் இருக்கின்றன. நீங்கள் சேமியுங்கள். எங்கே சேமிப்பது என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு.

என் அனுபவத்தில், மந்தம் வந்தபோது நொடித்த குடும்பங்கள் மந்தத்தை முன்கூட்டிக் கணிக்கத் தவறியவை அல்ல. தவறான நேரத்தில் விற்கவோ கடன் வாங்கவோ வேண்டிய கட்டாயத்தில் இருந்தவை. 2020இல் என்னிடம் வந்தவர்களில் இரண்டு பேரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒருவருக்குப் பெரிய சம்பளம், இரண்டு வீடு, இரண்டுக்கும் தவணை, கையிருப்பு ஒரு மாதத்துக்கு. இன்னொருவருக்குச் சின்னச் சம்பளம், கடன் இல்லை, வங்கியில் எட்டு மாதச் செலவு. இருவருக்கும் ஒரே மாதத்தில் வேலை போனது. முதலாமவர் ஆறு வாரத்தில் ஒரு வீட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார். இரண்டாமவர் ஐந்து மாதம் தேடி, பிடித்த வேலையில் சேர்ந்தார். இருவரும் வீடியோ பார்த்தார்களா என்று தெரியாது.

உலகம் எப்போது விழும் என்ற கேள்வியை விட்டுவிட்டு, விழுந்தால் உங்கள் வீடு எத்தனை மாதம் ஓடும் என்பதைப் பாருங்கள். இதற்கு விடை உங்கள் கையிலேயே இருக்கிறது, உங்கள் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவும் இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் தாண்டிப்போன ஒரு வரி: உங்கள் மனைவி ஆசிரியை. சரக்குப் போக்குவரத்தும் பள்ளிக்கூடமும் ஒரே காற்றில் சாயும் மரங்கள் அல்ல. இருவரும் ஒரே நிறுவனத்தில் இருந்திருந்தால் நான் உங்களைவிட அதிகமாகக் கவலைப்பட்டிருப்பேன். அவர் சம்பளம் மட்டும் வந்தால், வீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், மருந்து, வீட்டுச் செலவு ஆகியவற்றில் எவ்வளவு துண்டு விழும்? உங்கள் பதினான்கு மாதக் கையிருப்பை அந்தத் துண்டால் வகுங்கள். பாதிச் செலவை அவர் சம்பளம் தாங்கினாலே இருபத்தெட்டு மாதம் வருகிறது. இந்த எண்ணை நீங்கள் இதுவரை போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது கடன். உங்கள் வீட்டுக் கடனுக்கு வட்டி நிலையானதா, மாறுவதா என்று நீங்கள் எழுதவில்லை. தங்கத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைப் பார்த்திருக்க வேண்டும். பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் ஐந்தேகாலுக்கு மேல் ஏற்றியது. பல நாடுகள் பின்னாலேயே ஏற்றின. மாறும் வட்டியில் இருந்தவர்களில் பலருக்குத் தவணை கூடியது. சிலருக்குத் தவணை அப்படியே இருக்க, காலம் சத்தமில்லாமல் நீண்டது. உங்களுடைய பதினோரு வருடம் பழைய கணக்கா, இன்றைய கணக்கா என்று வங்கியில் அறிக்கை வாங்கிப் பாருங்கள். அலமாரிப் பணத்தில் எட்டு மாதச் செலவை, கேட்ட உடனே கிடைக்கும் டெபாசிட்டாக வைத்துக்கொண்டு, மிச்சத்தில் ஒரு பகுதியை அசலில் கட்டலாம். கட்டிய அசலுக்கு வட்டி மிச்சமாவது உறுதி. அதைச் சந்தையோ வீடியோவோ மாற்ற முடியாது. கட்டுவதற்கு முன் முன்கூட்டிச் செலுத்த அபராதம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலிசியைச் சரண்டர் செய்யாதீர்கள். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். பெருந்தொற்று வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை, ஆட்களையும் எடுத்துக்கொண்டு போனது. கடன் பாக்கியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் உள்ள வீட்டில் கழற்றக் கூடாத ஆணி அது. உங்களுடையது சேமிப்போடு சேர்ந்த பாலிசி என்றால், பாதியில் விட்டால் கட்டியதில் கணிசமான பகுதி போகலாம். அதை விடுவதே லாபம் என்று கணக்கு வந்தாலும், முதலில் கடன் தொகையைத் தாண்டி ஒரு டெர்ம் பாலிசி (சேமிப்பு சேராத, உயிருக்கு மட்டுமான காப்பீடு) எடுத்து, அது அமலுக்கு வந்த பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். இடையில் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

தங்கம் நீங்கள் நினைக்கிற அளவு சாந்தமான பொருள் இல்லை. பயத்தின் உச்சத்தில், 2020 ஆகஸ்டில், அது ஏறி நின்றது. அப்போது வாங்கியவர் 2022 இலையுதிர் காலத்தில் டாலர் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு இறக்கத்தைப் பார்த்தார். பிறகு நன்றாக ஏறியது, அதுவும் உண்மை. கொஞ்சம் வைத்திருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காப்பீட்டை விற்றுத் தங்கம் வாங்குவதுதான் கூடாது.

மியூச்சுவல் ஃபண்டுக்குத் திரும்பலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கிறது. ஏழெட்டு வருடம் தேவைப்படாத பணம் இருந்தால், மாதாமாதம் சிறு தொகையாகப் போடலாம். அதற்கு முன் ஒரு சோதனை. போட்டது முப்பது சதவீதம் இறங்கினால் கைவைக்காமல் இருப்பீர்களா? 2020இல் இருக்க முடியவில்லை. அதில் வெட்கம் இல்லை. அப்போது சம்பளமும் பாதியாகியிருந்தது. எட்டு மாதச் செலவு வங்கியில் தனியாக இருக்கும்போது அதே இறக்கம் வேறு மாதிரி தெரியும். தெரியவில்லை என்றால் டெபாசிட்டோடு இருந்துவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வீடியோக்களை நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டீர்கள். வேறு ஒன்று செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, அவர்கள் சொல்லும் ஒவ்வொரு கணிப்பையும் சொன்ன தேதி, நடக்கும் என்ற தேதி, நடந்ததா என்று மூன்று பத்திகளாக எழுதுங்கள். பேரேடு எழுதத் தெரிந்தவருக்கு இது கைவந்த கலை. தேதி சொல்லாதவரை எழுதவே வேண்டாம். ராத்திரியில் மட்டும் வேண்டாம். சனிக்கிழமை காலை உட்காருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அந்த மூன்றாவது பத்தி உங்களோடு பேச ஆரம்பிக்கும். அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது என் தொழிலுக்கு அப்பாற்பட்டது, உங்கள் மனைவி சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

அவரைப் பற்றி இன்னொன்று. அலமாரியில் பணம் 'வைத்திருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள், 'வைத்திருக்கிறோம்' என்று இல்லை. மொத்தத் தொகை அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் வங்கிக்குப் போகும் முன் அவருடன் உட்கார்ந்து எண்ணுங்கள். ஃபிக்சட் டெபாசிட்களை முடித்தபோது வங்கி கொடுத்த ரசீதுகளையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தொகையை ரொக்கமாகக் கொண்டுபோனால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், கேட்பது அவர்கள் கடமை. பழைய கணக்கிலிருந்து எடுத்ததுதான் என்று காட்ட அந்தக் காகிதங்கள் வேண்டும்.

பாலிசிக்கு அடுத்த பிரீமியம் என்றைக்கு என்று எழுதவில்லை. அந்தத் தேதியை முதலில் பாருங்கள், தவறிவிடாமல் கட்டிவிடுங்கள். மனைவியின் கைக்கு வரும் சம்பளம், கட்டாயச் செலவு, வீட்டுக் கடனின் இன்றைய வட்டி ஆகிய மூன்று எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அசலில் எவ்வளவு கட்டலாம் என்பதை அதன் பிறகு சொல்கிறேன்.